விறகு கொத்திய அக்காவுக்கு ஒரு கையெழுத்து

அந்தச் சங்கத்து ஐயாமாரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் எங்கள் சங்கம் சமையல் நடத்தியது. வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் ஆட்கள் கொழும்புக்கு வந்தபடி இருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிடிபட்டுப்போன பிள்ளையைத் தேடி. லொட்ஜில் தங்க வசதியில்லாதவர்கள் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்து, மத்தியானம் எங்கள் கிடாரத்துச் சோற்றைச் சாப்பிட்டார்கள். ஒருகொடவத்தைப் பக்கத்து மரக்காலை முதலாளி ஒருவர் புண்ணியத்துக்கு ரப்பர் மரக்குற்றிகளை லொறியில் அனுப்பிவிடுவார். குற்றியாகத்தான் அனுப்புவார். கொத்துவது எங்கள் பாடு.

முதலில் ஆண்கள்தான் கொத்தினார்கள். இரண்டாம் கிழமை, கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவால் வந்த இரண்டு இளைஞர்களைப் பொலிஸ் சென்ரியில் மறித்து, அரை நாள் இருத்தி வைத்துவிட்டார்கள். தமிழ்ப் பெடியன், கையில் கோடாலி. தருமத்துக்கு விறகு கொத்தப் போகிறேன் என்றால் எந்தப் பொலிஸ்காரன் நம்புவான்? பெடியன்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு, எந்தப் பொலிஸ்காரனும் மறிக்காத அறுபது வயது ஐயாமாரும் கோடாலியைக் கீழே வைத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பொம்பிளையள் கொத்தினா ஆரும் சந்தேகப்பட மாட்டினம்" என்று செயலாளர் கூட்டத்தில் சொன்னார். அவர் பென்சன் எடுத்த அரசாங்க உத்தியோகத்தர். சொல்லிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் இருந்துவிட்டார்.

அப்படித்தான் பம்பலப்பிட்டிக் கந்தோர் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான், சனிக்கிழமைகளில் விறகு கொத்துகிறவளானேன். மொத்தம் ஆறு பெண்கள். ஒருத்திக்கும் கோடாலி பிடித்த பழக்கமில்லை. சித்திரை மாதத்து வெயில். மண்டபத்தின் பின்முற்றம் முழுக்கச் சீமெந்து, மூன்று பக்கமும் மதில். கடற்காற்று ஒரு பொட்டும் உள்ளே வராது. பத்து மணிக்கே செருப்பையும் தாண்டிச் சுடும். வெயிலில் கிடந்த இரும்பு ஆப்பைத் தண்ணீர் ஊற்றித்தான் கையில் எடுக்கலாம். கண்ணுக்குள் வியர்வை வழிந்து குறி பிசகி, கோடாலி சீமெந்தில் விழுந்து பொறி பறக்கும். அரை மணிக்கு ஒருத்தி தலை சுற்றி மதிலோரம் போய் இருப்பாள். உள்ளே ஐயாமாருக்குத் தட்டத்தில் தேசிக்காய்த் தண்ணீர் போகும். எங்களுக்கு மூலையில் குழாய் இருந்தது.

அப்படியொரு சனிக்கிழமைதான் அந்த அக்கா வந்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தவர். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மகன் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். சுற்றிவளைப்பொன்றில் பிடித்துக்கொண்டு போய் உள்ளே போட்டுவிட்டார்கள். அவனைப் பார்க்கத் தாய்க்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் அடுத்த கிழமை கழிந்து வரும் புதன்கிழமைதான் முறை. அதுவரை எப்படியாவது கொழும்பில் நிற்க வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பிவர அவரிடம் வழியில்லை.

நாங்கள் கொத்துகிற அழகை வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து என் கையிலிருந்து கோடாலியை வாங்கினார்.

"வெடிப்பு இருக்கிற எடமா பாத்துப் போடணும்மா. சும்மா ஓங்கி ஓங்கி அடிச்சா கைதான் போகும்."

குற்றியைப் புரட்டினார், ஒரு கீறலைக் கண்டார், போட்டார். இரண்டாகப் போய் விழுந்தது. நாங்கள் ஆறு பேரும் காலை முழுக்கக் கொத்தியதை அவர் ஒரு மணித்தியாலத்தில் கொத்தி அடுக்கிவிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை "அம்மா" என்று கூப்பிட்டது கூச்சமாக இருந்தது. நான் அக்கா என்றேன், அவர் மாற்றவில்லை. கொஞ்சம் இருங்கோ என்றால், "சும்மா உக்காந்து திங்க முடியலம்மா" என்பார். அதற்குப் பிறகு கிழமை நாட்களிலும் அவரேதான் கொத்தினார் என்று சமையல்காரர் பிறகு சொன்னார். தனி ஆளாக, அந்த வெயிலில்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது செயலாளரின் மேசையில் பொலிஸ் பதிவுப் படிவங்கள் கிடந்தன. மண்டபத்தில் தங்கும் ஒவ்வொருவருக்கும் பொறுப்பானவர் கையெழுத்து வைத்து, அன்று பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பதியாதவர்கள் நிற்கக் கூடாது. யாருடைய மச்சான், எந்த வாத்தியாரின் மகள் என்று விசாரித்து விசாரித்து அவர் கையெழுத்து வைத்தார். அக்காவின் படிவத்தை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

"ஐயா, இவவுக்கும் வையுங்கோவன். புதன்கிழமை மட்டும்தானே" என்றேன்.

"பிள்ளை, அவவின்ர மகன் உள்ளுக்கு இருக்கிறான். தோட்டப்பக்கத்து ஆள், முன்பின் தெரியாது. சங்கத்துக்கு ஏன் வில்லங்கம்?"

"ஒரு கிழமையா விறகு கொத்தேக்க வில்லங்கம் தெரியேல்லையோ? தொண்டர் எண்டு போடுங்கோ. எங்களை அப்பிடித்தானே போட்டிருக்கிறியள்."

"தொண்டர் எண்டா அங்கத்தவற்ற குடும்பம். அவ சாப்பிட வந்த ஆள்."

சாப்பிட வந்த ஆளாம்! முற்றத்தில் கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இவருடைய மத்தியானச் சோறும் அந்த விறகில்தான் வெந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"அவ்வளவு இரக்கமெண்டா உங்கட வீட்டில பதியுங்கோவன், பிள்ளை."

நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். "பதியிறன்" என்றேன். வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். வெள்ளவத்தை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா இல்லை, அண்ணன் வெளிநாட்டில். உள்ளே இருப்பவனின் தாயை வைத்திருந்தால் நாளைக்கு எங்கள் கதவையும் தட்டுவார்கள். ஆனாலும் அந்த மனிசனிடம் திரும்பிப் போய் ஏலாது என்று சொல்ல என் வாய் வராது. முற்றத்துக்குப் போய் அக்காவை வரச் சொன்னேன்.

"மிச்சத்தையும் பொளந்து போட்டுட்டு வந்துடுறேம்மா" என்றார்.

"கிடக்கட்டும். அவையள் வந்து கொத்தட்டும்" என்று உள்ளே கேட்கும்படி கத்திவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளவத்தைப் பொலிசில் புதிய படிவம் எடுத்து, மர வாங்கில் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த முகவரி. அடுத்த கட்டத்தில், வீட்டுப் பொறுப்பாளருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. அங்கே பேனை நின்றுவிட்டது. மாமி, பெரியம்மா என்று எழுதினால் ஹட்டன் தோட்டத்து முகவரி காட்டிக் கொடுத்துவிடும். தொண்டர் என்றால் சங்கத்துக் கடிதம் எங்கே என்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொலிஸ்காரன் என் கைக்கடிகாரத்தையும் அக்காவின் ரப்பர் செருப்பையும் ஒருமுறை பார்த்தான்.

"வெடட இன்ன கெனாத?" என்றான். வீட்டு வேலைக்கு நிற்கிற ஆளா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"ஒவ்", ஓம் என்று என் வாய் சொல்லிவிட்டது. அதையே எழுதவும் எழுதினேன்.

உடனே முத்திரை குத்தினான். ஏன் வந்தார், எத்தனை நாள், பிள்ளைகள் எங்கே, ஒரு கேள்வி இல்லை. தோட்டத்துப் பெண் வெள்ளவத்தை வீட்டில் வேறு எதற்கு நிற்பாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. செயலாளரிடமும் நான் எங்கள் வீட்டு வேலைக்காரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"அக்கா, பொலிசுக்காகத்தான் அப்பிடி எழுதினனான். மனசில வச்சிருக்காதேங்கோ" என்றேன் தெருவில் வந்து.

"தெரியும்மா. வேற என்னான்னு எழுதுவாங்க?"

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை நான் எழும்பியபோது அவர் எங்கள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்த் தும்புத்தடியைப் பறித்தேன்.

"என்னக்கா இது? நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்த ஆள்."

"செக்கிங் வந்தா என்னம்மா சொல்றது? உக்காந்திருந்தா நம்புவாங்களா?"

முந்தின கிழமையும் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஏறிப் பார்த்திருந்தார்கள். தும்புத்தடியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அம்மா, "குசினியையும் ஒருக்காக் கழுவிவிடுங்கோ" என்றாள். மூன்றாம் நாள் அது "கழுவிவிடு" என்றாகிவிட்டது. நான் அம்மாவோடு பெரிய சண்டை பிடித்தேன். ஆனால் அக்கா ஊற்றித் தந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் பிடித்தேன்.

புதன்கிழமை கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு அவரைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே அவரை மட்டும்தான் விட்டார்கள். நான் வெளியே மதிலோரம் வெயிலில் நின்றேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார். முகம் அழுதிருந்தது, ஆனால் தெளிந்திருந்தது.

"மகன் எப்பிடி இருக்கிறார்?"

"எளைச்சுப் போயிட்டான். எங்க தங்கியிருக்கம்மான்னு கேட்டான். வெள்ளவத்தையில ஒரு வீட்டுல வேலைக்கு நிக்கிறேன்னு சொன்னேன்."

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"கோயில்ல சோறு வாங்கித் தின்னுக்கிட்டுக் கெடந்தேன்னு சொன்னா அழுவாம்மா. இதக் கேட்டதும் சந்தோசமாயிட்டான். நல்ல வீடான்னு கேட்டான். நல்ல வீடுதான்னு சொன்னேன்."