முதலாளி நின்ற கார்னர்கள்

ஆறு ஆட்டங்களில் நாங்கள் வாங்கிய கோல் பதினான்கு. அதில் பதினொன்று கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் வந்தவை. பந்து அசையாமல் நிற்கிறது, எதிராளி நிதானமாக வந்து அடிக்கப்போகிறான், எங்கள் ஆட்கள் இடம்பிடித்து நிற்க முழுதாக அரை நிமிடம் இருக்கிறது. அப்படியும் கோல் வாங்கினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங்கில் பீஸ் எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர்கள் கைக்குச் செல்போன் வரத்தொடங்கிய வருடங்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்குள் ஃபுட்பால் நடக்கும். எங்கள் அணிக்கு நான்தான் மேனேஜர் என்று சொல்லி, ஒரு நோட்டையும் தண்ணீர்க் கேனையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

முதலாளியும் ஆடினார். ஐம்பத்திரண்டு வயது. கெட்ட மனிதரில்லை. ஷிப்மென்ட் அவசரமென்றால் சட்டைக்கையை மடித்துவிட்டு அவரே அட்டைப்பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிடுவார். அவர் கைவைத்த வேலையிலிருந்து மற்றவர்கள் மரியாதையாக ஓரடி தள்ளி நிற்பார்கள். பெட்டி ஒட்ட அது போதும். கார்னரும் அவருக்கு அவசர ஷிப்மென்ட்தான். நடுக்கோட்டிலிருந்து ஓடிவந்து கோலுக்கு முன்னால் நிற்பார். எல்லாரும் ஓரடி விலகுவார்கள். பந்து அவர் தலைக்கு ஒரு சாண் மேலே போகும். பின்னால் எதிராளி தனியாக நிற்பான்.

பழி மட்டும் கோல்கீப்பர் மேல். அவர் எங்கள் கம்பெனியில் துணி தேய்க்கிற அயர்ன் மாஸ்டர், தூத்துக்குடிக்காரர். அடுத்த ஆட்டத்திலும் கார்னரில் கோல் விழுந்தால் வேறு ஆளைப் போடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஆறு நாள் ஆவியில் நிற்கிற மனிதருக்கு வெளிக்காற்று என்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

"ஓனரைப் போய் வெலகச் சொல்ல முடியுமா சார்?" என்றார் என்னிடம்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பதினொன்றில் ஒன்பது கோல் அவரைத் தாண்டித்தான் போயின என்று காட்டினேன். இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"நானும் நிக்கலீன்னா அவங்க என்னங்க சார் பண்ணுவாங்க?"

"பந்துக்கு எகிறிக் குதிப்பாங்க."

கார்னருக்கு நடுக்கோட்டைவிட்டு வருவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஏழாவது ஆட்டத்தில் நான்கு கார்னர். நான்குக்கும் அங்கேயே நின்று கையைப் பிசைந்தார். எங்கள் ஆட்களும் குதித்தார்கள். ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிடத்தில் ஐந்தாவது கார்னர். ஓடிவந்துவிட்டார். ஐந்து பேர் ஓரடி விலகினார்கள். நோட்டைக் கிழித்துப் போடலாம்போல இருந்தது எனக்கு.

"ஓனர், குனிங்க" என்று கீப்பர் கத்தியது ரோடு வரை கேட்டிருக்கும். அவர் குனியவில்லை. கீப்பரின் முஷ்டி பந்தையும் அவர் காதையும் சேர்த்தே குத்தியது. பந்து வெளியே போனது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள்.

காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவரிடம் கீப்பர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

"உடுங்க மாஸ்டர். அடுத்த வாரமும் நீங்களே நில்லுங்க."

திங்கட்கிழமை முதலாளி காதில் பஞ்சோடு பேக்கிங்குக்கு வந்து, அந்தப் பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளியது தான்தான் என்று நான்கு பேரிடம் சொன்னார். நான்கு பேரும் தலையாட்டினார்கள். நோட்டில் 'கீப்பர், கை' என்றிருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் முதல் கார்னருக்கே ஓடிவந்தார். அவர் பாதி தூரம் வருமுன்பே கீப்பர் குனியச் சொல்லிக் கத்திவிட்டார்.