செம்புக்குக் காவல்

இங்கிலாந்தில் என் வீட்டு அடுப்படிக் குழாய் ஒழுகியது. சரிசெய்ய வந்த பிளம்பர் டேவ், பழைய செம்புக் குழாய்களைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போடட்டுமா, மறுபடியும் செம்பே போடட்டுமா என்று தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார். சுவருக்குள் மறைந்து போகப் போகிற ஒன்றைப் பற்றி, பெண் பார்க்க வந்தவரைப் போல இத்தனை பணிவாகக் கேட்பது இந்த நாட்டு வழக்கம். "பிளாஸ்டிக்கே போடுங்கள். செம்பால் என் அப்பாவுக்கு ஒரு கால் போய்விட்டது" என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "சுரங்கத்தில் வேலையா?" அவருடைய தாத்தா சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவராம். விளக்கப் புகுந்தால் தேநீர் ஆறிவிடும். "கிட்டத்தட்ட" என்றேன். கடலைக்காட்டைத் தவிர எதையும் தோண்டியறியாத என் அப்பா, அன்று முதல் எங்கள் தெருவில் ஒரு சுரங்கத் தியாகி.

நடந்தது வேறு. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரில், அம்மா போன பிறகு தனியாக இருந்த அப்பாவுக்கு நான் ஒரு வீடு கட்டினேன். அப்பாவுக்கு என்று சொல்கிறேன். புலம்பெயர்ந்தவர்கள் யாருக்காக ஊரில் வீடு கட்டுகிறோம் என்பது உங்களுக்கும் தெரியும். கூடப் படித்தவன் ஒருவன் துபாயிலிருந்து வந்து வாசல்படி வரை கிரானைட் போட்டிருந்தான். நான் அவனைவிட நாலு புத்தகம் கூடப் படித்தவன். ஆகவே கண்ணைப் பறிக்கும் கிரானைட்டை விட்டுவிட்டு, ஆரோக்கியம், சுத்தம், ஐம்பது ஆண்டு ஆயுள் என்று பேசிச் செம்புக் குழாயைத் தேர்ந்தெடுத்தேன்.

பிளம்பர் செல்வராசு என் காரணங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிளாஸ்டிக்கு போட்டா போட்ட எடத்துல கெடக்குமுங்க. செம்பப் போட்டீங்கன்னா, பைப்புக்கு ஒரு ஆளு, ஆளுக்குத் தொணையா ஒரு நாயின்னு வெக்கோணும்."

எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டு போய், மறைவில் போட்டுக் கொளுத்தி, செம்பை மட்டும் எடுத்துப் போவது பழைய தொழில். அப்பாவே இரண்டு முறை ஒயர் பறிகொடுத்தவர். கருகிய ரப்பர் நாற்றத்தோடு அவர் வீடு திரும்பிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருந்தும் போட்டேன். அதைத்தான் மேல்படிப்பு என்கிறோம்.

செம்பைப் பற்றவைக்கத் தெரிந்த ஏசி மெக்கானிக்கைச் சேலத்திலிருந்து வரவழைத்துக் குழாய்களை இணைத்தோம். மாடித் தொட்டியிலிருந்து பின்சுவர் நெடுக இறங்கிய குழாய்கள் வெயிலில் தங்கம்போல மின்னின. படமெடுத்து, எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வேறு விளம்பரமே வேண்டியதில்லை, தாலுகாவுக்கே தெரிந்துவிட்டது.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "இதுக்கு ஆரு சாமி காவலிருக்கறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் பேசினேன். அப்பனும் மகனும் போனில் பேச என்ன இருக்கிறது? மழையைக் கேட்பேன், பிறகு குழாயைக் கேட்பேன். "பத்தரமா இருக்குது சாமி" என்பார். எனக்கு அது பேச்சுக்கு ஒரு துணுக்கு. அவருக்கோ, கடல் கடந்து மகன் வாராவாரம் கேட்கும் ஒரே பொருள். எனவே வீட்டைவிட்டு நகர்வதை நிறுத்தினார். என் அக்கா மகளின் கல்யாணத்துக்குச் சேலம் போனவர், தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். பிறகு காலில் ஒரு முள் குத்தியது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. கட்டைவிரல் கறுத்தபோது அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். நான்கு நாள் தங்க வேண்டும் என்றதும், "ஊட்ட ஆரு பாக்கறது?" என்று மறுத்துவிட்டார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் அக்கா காரோடு வந்து அழுது இழுத்துப் போனபோது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

பறந்து போனேன். கட்டிலில் கிடந்த அப்பா என்னைப் பார்த்ததும் கேட்டது: "ஊட்டுல ஆரு இருக்கறாங்க?"

"யாருமில்லீங்கப்பா. பூட்டியிருக்குது."

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். ஊசிக் குழாய் இழுபட்டு ரத்தம் வந்தது. நர்ஸ் கத்தினாள். அக்கா என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நீ ஊட்டுக்குப் போடா."

"ஏங்க்கா, ஆபரேசன் நேரத்துல நான் இங்க..."

"இங்க இருந்து என்ன பண்ணுவ? உன்ற குழாயத்தான அவரு இத்தன நாளா பாத்துக்கிட்டாரு. நீ போயி அதப் பாரு. அவர நான் பாத்துக்கறேன். நீ அங்க இருந்தாத்தான் அவரு ஒத்துக்குவாரு."

அப்படியாக, அப்பாவின் காலை எடுத்த காலைப்பொழுதில், ஐயாயிரம் மைல் பறந்து வந்த மகன், வீட்டின் பின்னால் நாற்காலி போட்டுக் குழாய்க்குக் காவலிருந்தான். அங்கே உட்கார்ந்துதான் முதல்முறையாகக் கவனித்தேன். குழாய் மின்னவில்லை. மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறப் பெயிண்ட். பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் குழாய்க்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அப்பாவின் நலம் விசாரிக்க வந்த செல்வராசுவிடம் கேட்டேன். "பெரியவருதானுங்க அடிச்சாரு. புண்ணுக் காலோட ஏணி மேல நின்னு. செம்புன்னு தெரியக்கூடாதாமா. இதுக்குப் பிளாஸ்டிக்கே போட்டிருக்கலாமுங்களேன்னேன். எம்பையன் ஆசப்பட்டதுன்னுட்டாரு." அவர் குழாயை ஒரு தட்டுத் தட்டினார். "நல்லா அடிச்சிருக்காருங்க. ஒரு திட்டு உடல."

எதுவும் களவு போகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஓர் அங்குலம்கூட.

பத்து நாள் கழித்து அப்பா வீடு வந்தார். அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள்; மறுத்துவிட்டார். அன்றே எனக்கு விமானம். கோயம்புத்தூருக்குக் கார் வாசலில் நின்றது. வந்ததும் பின்பக்கம் கூட்டிப் போகச் சொன்னார். ஒரு கை என் தோளில். மறு கையால் சுவரைத் தடவிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். மேலே தொட்டி வரை பார்த்தார். "எல்லாம் இருக்குது" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நேரமாச்சுங்கப்பா."

"போயிட்டு வா சாமி" என்று என் தோளிலிருந்த கையை எடுத்து, அதையும் குழாயில் வைத்துக்கொண்டார். உடம்பின் பாரம் முழுவதும் அதன்மேல் சாய்ந்தது. நான் ஒரு கணம் நின்று பார்த்தேன். குழாய் அசையவில்லை. கிளம்பிவிட்டேன்.