பேத்தை மீன்

பிலவேந்திரன் செஞ்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கடலுயிர்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வருடா வருடம் மாசியில் பத்தாம் வகுப்பை மரக்காணத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போவார். மணலில் கயிற்றால் கட்டம் போட்டு, அதற்குள் எத்தனை நண்டு வளை, எத்தனை சிப்பி என்று எண்ணச் சொல்வார். அலையோரம் எது வாழ்கிறது, தள்ளி எது வாழ்கிறது, ஏன் என்று அவர்களையே கண்டுபிடிக்க வைப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் போனபோது, வலைக்காரர்கள் கழித்துப் போட்டிருந்த மீன்களில் பந்துபோல் உப்பிய ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இது பேத்தை. விஷம். யாரும் வீட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது."

பையன்கள் அதன் வயிற்றை அமுக்கிச் சிரித்தார்கள். சிங்கவரத்து வீராசாமியும் சிரித்தான். சாயங்காலம் நாலைந்து பேத்தைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறியவனும் அவன்தான்.

அவன் அம்மா அம்மாக்கண்ணு ஆசையாகக் குழம்பு வைத்தாள். அலுப்பில் மகன் தூங்கிவிட்டான், புருஷன் கழனியிலிருந்து திரும்பவில்லை. பசி தாங்காமல் அவள் மட்டும் சாப்பிட்டாள். முதலில் உதடு மரத்தது, பிறகு நாக்கு, பிறகு கைகால். வண்டி கட்டி ஆஸ்பத்திரி சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சாவு வீட்டுக்கு வந்த பிலவேந்திரனின் சட்டையைப் பிடித்தார் பொன்னுசாமி, பையனின் தகப்பன். "இன்னா சார், வெசம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

சுவரோரம் நின்ற வீராசாமி தலை நிமிரவில்லை. கூட வந்திருந்த மாணவன் ஒருவன், "சார் அப்பவே..." என்று வாயெடுத்தான்.

"சொல்லலைங்க. என் தப்புதான்" என்றார் பிலவேந்திரன்.

தலைமையாசிரியர் ராஜாங்கம் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "பசங்க எல்லாம் நீங்க சொன்னீங்கன்றாங்க. வேல போய்டும் சார்."

"அவன் அந்த வீட்லதான சார் இருந்தாவணும்?"

வேலை போயிற்று. அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் யாரும் கடலுக்குப் போகவில்லை. பிலவேந்திரன் வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்தார்.

ஆடியில் ஒருநாள் பொன்னுசாமி வாசலில் வந்து நின்றார். "நீங்க சொன்னீங்களாமே சார். அவனே அழுதுகினு சொல்லிட்டான். நான் கோவத்துல அடிச்சிட்டேன். ரெண்டு நாளா காணல. இங்க வந்தானா?"

வரவில்லை. இருவரும் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்களை விசாரித்தார்கள். மறுநாள் மரக்காணம் வரைக்கும் போனார்கள். அங்கேயும் யாரும் பார்த்திருக்கவில்லை. அதுவரை கடலைப் பார்த்திராத பொன்னுசாமி அலையோரம் நின்று, மகன் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார். பிலவேந்திரன் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.