படம் எடுக்கும் மேசையில் வந்த வலிப்பு

ஓடைப்பட்டியில் திராட்சை விவசாயம் செய்யும் என் கணவருக்கு வலிப்பு நோய் உண்டு. மூளையில் ரத்தம் ஓடுவதைப் படம் பிடித்துப் பார்க்க, மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

"தலையத் திறந்துருவாகளோ?" என்று வழியெல்லாம் கேட்டார்.

"கத்தியே படாதுன்னு சொன்னாக" என்றேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

மேசையில் படுக்க வைத்து, தலை அசையாதபடி பட்டையால் கட்டினார்கள். பெரிய கேமரா முகத்தருகே இறங்கியபோது அவர் உடம்பு வெட்டி இழுக்கத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்; திறந்தபோது கட்டிய தலையோடு துடித்துக்கொண்டிருந்தார். கழுத்து முறிந்துவிடும் என்றே நினைத்தேன். கையில் இரும்பு கொடுக்க, சாவிக்கொத்தோடு ஓடினேன்.

டாக்டர் என்னை விலக்கி, பட்டையை அவிழ்த்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சற்று நேரத்தில் மூச்சு சீரானது.

"எந்தக் கை முதல்ல இழுத்துச்சும்மா?"

"பாக்கலையே சார். பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்."

"இடது கை, நான் பார்த்தேன். வீட்டுல வரும்போதும் அதைக் கவனிச்சுச் சொன்னா, படத்துல எங்க பார்க்கணும்னு எங்களுக்குப் புரியும்."

மறுநாள் படம் எடுத்து, மாத்திரையை மாற்றினார்கள். இன்னும் எப்போதாவது வலிப்பு வருகிறது. இப்போதெல்லாம் நான் சாவியைத் தேடி ஓடுவதில்லை. அவரை ஒருக்களித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பயந்துகொண்டேதான், கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.

— ஒரு வாசகி, ஓடைப்பட்டி