எஸ்தர் டைப் செய்யாமல் விட்ட ஒரு வரி

எஸ்தர் போய்விட்டாள். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து இன்று காலை அவள் மகன் போன் செய்தான்... தூக்கத்திலேயே போய்விட்டாளாம்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இத்தனை வருஷமாக நாங்கள் இருவர் மட்டும் அறிந்த ஒரு விஷயத்துக்கு இனி நான் ஒருத்திதான் சாட்சி.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தொண்ணூறு தாண்டியவள், ஒரு விரலால் டைப் செய்கிறேன்... பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் நான் கெமிஸ்ட்ரி ரிசர்ச் ஸ்டூடண்ட். எஸ்தர் அங்கே ஆபீஸ் டைப்பிஸ்ட். என் வயதுதான், ஆனால் என்னைவிடப் பத்து மடங்கு தைரியசாலி என்று நினைத்திருந்தேன்.

ஸ்டூடண்டுகளில் பெண்கள் மூன்றே பேர். லேபில் வேலை செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எந்த ஊரில் எந்த வேலை காலி, யாருக்காக யாரிடம் சொல்லி வைப்பது என்பதெல்லாம் நாலு மணி டீயில், வராந்தாவில் முடிவாகும்.

அங்கே ஆண்கள் மட்டும்தான் நிற்பார்கள். பெண்கள் வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை... நாங்கள் போகவில்லை, அவ்வளவுதான்.

எல்லாக் கடிதமும் எஸ்தர் கை வழியாகப் போவதால் அவளுக்கு எல்லாம் தெரியும். "நேத்து ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் போஸ்ட் டீ குடிக்கிற நேரத்துல போயிடுச்சு. நீங்க மூணு பேரும் லேபுக்குள்ள ஃபிளாஸ்க் கழுவிட்டு இருந்தீங்க" என்றாள்.

"அங்க போய் நான் என்ன பேசறது?" என்று கேட்டேன்.

"முதல்ல எங்கிட்ட பேசு. உன் வேலை என்னன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லு. எனக்குப் புரியலைன்னா அவங்க பாதிப் பேருக்கும் புரியாது. அவங்க சும்மா தலையாட்டுவாங்க, நான் ஆட்ட மாட்டேன்."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டைப்பிங் ரூமில் மூன்று பேரும் மாறி மாறி ஒப்பித்தோம். அவள் சாப்பிட்டுக்கொண்டே "மறுபடியும்" என்பாள்.

முதல் நாள் டீக்குப் போனபோது ஒரு தூணோரமாக ஒதுங்கி நின்றேன். எஸ்தர் ஏதோ ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேண்டுமென்றே இரண்டு தடவை அந்தப் பக்கம் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஓடிப்போகாமல் நின்றுவிட்டேன்.

இனி அந்த விஷயம்.

டீயில் காதில் விழுந்த ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். வேறு ஊர், நல்ல லேப். அது கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணம்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

என் ரிசர்ச் கைடு சிபாரிசுக் கடிதத்தை எஸ்தரிடம் டிக்டேட் செய்தார். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி... இந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகிவிடும், இடத்தை ஓர் ஆணுக்குக் கொடுப்பதே நல்லது.

எஸ்தர் அந்த வரியை டைப் செய்யவில்லை.

இரண்டு எழுத்து தப்பாக விழுந்ததாம். தாளை உருவிவிட்டு முழுக் கடிதத்தையும் முதலிலிருந்து அடித்தாள். மனம் மாற அவகாசம் இருந்தது... இரண்டாவது தடவையும் அந்த வரியை விட்டுவிட்டாள். அவர் யாருடனோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும், அப்பா இல்லாத வீடு. அவர் சொன்னது அப்படியே அவள் ஷார்ட்ஹேண்ட் நோட்டில் இருக்கிறது, நோட்டு ஹெட்கிளார்க் அலமாரியில்.

நான் நன்றி சொல்லவில்லை. "உன்ன யாரு கேட்டா? மாட்டிக்கிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றேன்.

"அப்படியே சொல்லு, வேதா" என்றாள்.

ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. எங்கள் அல்சூர் வீட்டு வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே பின்கட்டுக்குப் போய்விடுவேன். லேபில் பின்னால் ஷூ சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒருநாள் கைடு டைப்பிங் ரூமுக்கே வந்து, என் கடிதத்தின் கார்பன் காப்பியைக் கேட்டார். தீஸிஸ் பக்கங்களைக் கொடுக்க வந்த நான் கதவருகே நின்றிருந்தேன்.

எஸ்தர் எடுத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"பரவாயில்லையே, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். இன்னொரு இடத்துக்கும் இதையே அடித்துத் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

மறந்துவிட்டாரா, தெரிந்தே விட்டாரா... கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

அவர் போனதும் எஸ்தர் டைப்ரைட்டர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் கதவருகேயே நின்றேன். உள்ளே போய் அவள் தோளைத் தொடக்கூடப் பயம். யாராவது பார்த்தால் எனக்கும் தெரியும் என்று ஆகிவிடுமே.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ரிட்டயர் ஆகும்வரை லேபில்தான் இருந்தேன். யாராவது "பழைய ஃபைல்" என்று வாயெடுத்தால் போதும், பேச்சை மாற்றிவிடுவேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் நான் சொன்னதை எஸ்தர் ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ கிறிஸ்துமஸ் வந்தது... கேக் நன்றாக வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவேன். வெட்கமாக இருக்கிறது.

நாளை அடக்கம். வீல்சேரிலாவது போய்விடுவேன்.

போய் வா, எஸ்தர். நீ அந்த வரியை விட்டது எனக்குத் தெரியும், அன்று சாயங்காலமே தெரியும்... இனி யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.