முதல் டிஸ்க்

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் எங்கள் எடைமேடை கேபினின் கதவு மேடைப் பக்கம்தான் திறக்கும். கன்டெய்னர் லாரி ஏறி நின்றுவிட்டால் உள்ளே இருப்பவள் உள்ளேயேதான். எடைச்சீட்டு கைக்கு வராமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தமாட்டார்.

அன்று பேக்கப்புக்காக இன்னொரு டிஸ்க்கைச் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதற்குள் லாரி ஏறிவிட்டது. அதை இயக்கும் லினக்ஸ் எழவில்லை, கிளம்பவேண்டிய டிஸ்க்கையே காணோம் என்றது.

"இன்னாம்மா, சீட்டு வருமா வராதா?" என்று டிரைவர் ஜன்னலைத் தட்டினார். பின்னால் ஒரே ஹாரன். எனக்கு அழுகை முட்டியது. அதைப் பார்த்த டிரைவர் சைக்கிள் டீக்காரரிடம் ஒரு டீ வாங்கி, கம்பி வழியாக நீட்டினார்.

"நீயும் மாட்டிகினே, நானும் மாட்டிகினேன். குடிம்மா."

குடிக்கும்போது ஜன்னலை அடைத்து நின்ற கன்டெய்னரின் எண் மட்டும்தான் கண்ணில் பட்டது. யார்டில் எவனாவது 'முதல் பெட்டியை எடு' என்பானா? எண்ணைச் சொல்லித்தான் கேட்பான். அடுக்கு மாறினால் முதல் பெட்டியும் மாறிவிடுமே! நானோ எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பவேண்டும் என்று சொல்லும் பூட் வரியில் 'முதல் டிஸ்க்' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். புது டிஸ்க் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

வரியில் அந்த வார்த்தையை அழித்து, திரையில் பட்டியலைப் பார்த்து, பழைய டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கும் பகுதிக்கே உரிய, இடம் மாறினாலும் மாறாத நீளமான யூயூஐடி எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். சீட்டு வந்தது. லாரி இறங்கியது. கதவுக்கு வழி கிடைத்தது.

நான் வெளியே போகவில்லை. அடுத்த லாரியை ஏறச் சொல்லிக் கையசைத்தேன்.