தங்கவேலுவுக்கு உள்ளே போட ஒன்று

"குளிருங்கறது மனசுலதானுங்க இருக்குது. என்ற தோலே எனக்கு ஸ்வெட்டரு."

நீலகிரியில் எமரால்டு ஊர் டீக்கடையில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு தை மாதக் காலையில், தங்கவேலு இப்படி அறிவித்தார். அறிவித்த கையோடு டீயை முகர்ந்து பார்த்தார். எதையும் முகராமல் அவர் உள்ளே அனுப்புவதில்லை. கடைக்காரர் அவருடைய சித்தப்பா மகன்தான். சொந்தம் என்பதால் சந்தேகம் ஒரு படி கூடுதல்.

அணைக்குள் முங்கி, மதகுக்கு முன்னால் இருக்கும் கம்பிவலையில் சிக்கிய செத்தை குப்பைகளை அறுத்தெடுப்பது அவர் தொழில். அதற்கென்று கொச்சியில் யாரோ உடுத்திக் கழித்த கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்று வைத்திருக்கிறார். அந்த யாரோ அதை ஏன் விற்றார், உயிரோடு இருந்துதான் விற்றாரா என்பதில் தங்கவேலுவுக்கு இன்னும் தெளிவில்லை. ஆள் பெருத்தவர் என்பது மட்டும் நிச்சயம். கழுத்து வழியாகவும் கணுக்கால் வழியாகவும் தண்ணீர் தாராளமாகப் போய்வருகிறது.

போன முறை அவலாஞ்சி அணையில் அந்தத் தண்ணீர் தன் வேலையைக் காட்டிவிட்டது. குளிரில் தாடை அடித்த அடியில் மூச்சுக்குழாய் வாயில் நிற்கவில்லை. பாதி வேலையில் மேலே வந்தவர், எருமைக்கன்று பருமனில் ஒரு மீன் வந்து முட்டியதாகச் சொன்னார். காண்ட்ராக்டர் ராஜசேகர் மீனை நம்பவில்லை.

"இன்னொருக்கா பாதியில ஏறி வந்தீங்கன்னா கொச்சிப் பசங்களத்தான் கூப்பிடோணும், பாத்துக்கங்க."

அடுத்தது எமரால்டு அணை. ரப்பருக்கு உள்ளே போட ஏதாவது வேண்டும். போட்டது ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. முங்குகிறவர்களுக்கென்றே நெய்த உள்ளுடுப்பின் விலையை செல்போனில் பார்த்தார். திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விலை மாறவில்லை. ஊட்டி மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினார்.

குளிருடுப்பு விற்கும் தபித்தாளிடம், மச்சானுக்கு என்று சொல்லிக்கொண்டார். பருத்தியைத் தொட்டதுமே தள்ளிவிட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்பைக் குளிரில் தள்ளும் துரோகி அது. 'தெர்மல்' என்று எழுதியிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சூடு என்று அச்சடித்தால் சூடு வந்துவிடுமா என்று கேட்டார். 'அசல் கம்பளி' என்றதிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டினார். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வர வேண்டும். இது உருகி மணியாகத் திரண்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஏனுங்ணா, மச்சானுக்குத் துணி எடுக்க வந்தீங்களா, கொள்ளி வெக்க வந்தீங்களா?" என்றாள் தபித்தாள்.

தங்கவேலு அந்த மணியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். உருகினால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது. காலமெல்லாம் போலியைப் பிடித்துப் பிடித்து உலகத்துக்குக் காட்டிய மனிதருக்கு, முதன்முறையாகப் போலிதான் தேவைப்பட்டது. தேவை வந்ததும் சந்தேகமும் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. இத்தனைக்கும் நடுவில் ஏதாவது ஒன்று தப்பித் தவறி அசலாக இருந்து தொலைத்தால்?

"இது கண்டிப்பா டூப்ளிகேட்டுத்தானுங்களே?"

பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி, தன் சரக்கு போலிதான் என்று தபித்தாள் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

ஆண்கள் குவியலில் இருந்ததெல்லாம் தொளதொள. கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் பூனைமுடி போல மெத்தென்று, கையைக் கடிக்காத விலையில் ஒன்று பெண்கள் குவியலில்தான் கிடந்தது. தபித்தாள் அதை எடுத்து முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் நீட்டினாள். அந்தச் சிரிப்பின்மையைத் தங்கவேலு வெகுநேரம் சந்தேகித்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மச்சான் கொஞ்சம் ஒல்லி என்றார்.

எமரால்டில் கம்பிவலை முழுக்கச் சுத்தமாயிற்று. கரையேறியவரின் தாடை அசையவில்லை. மப்ளருக்குள் ராஜசேகரின் தாடைதான் ஆடிக்கொண்டிருந்தது. இனி கொச்சிக்குப் போன் போடுவதாக இல்லை என்று சொன்னவர், தங்கவேலுவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"நெசமாலுமே வெறுந்தோலுதானுங்களா, அண்ணா?"

தங்கவேலு செருப்பை மாட்டுகிறவர் போலக் குனிந்து, கணுக்காலில் ரப்பருக்கு வெளியே எட்டிப் பார்த்த ரோஸ் நிற லேஸ் விளிம்பை ஒற்றை விரலால் உள்ளே தள்ளினார்.